முழுநேரமா, பகுதிநேரமா, வேலைக்குப் போய் அப்புறமா: மண்டபத்திலிருந்து ஒரு பி.எச்டி. கணக்கு

அக்கா மகளுக்கு 24 வயது. எம்.பி.ஏ. முடித்துவிட்டு ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் ஓர் இறால் கம்பெனி அலுவலகத்தில் இரண்டு வருடமாகக் கணக்கு பார்க்கிறாள். போன மாதம் வீட்டுக்கு வந்தவள், தண்ணீர்கூடக் குடிக்காமல் கேட்டாள்: “மாமா, வியாபாரத்துல டிஜிட்டல் மாற்றம்னு பி.எச்டி. பண்ணலாம்னு இருக்கேன். திருச்சி, சென்னைனு முழுநேரமாப் போகட்டுமா, வேலையை வச்சுக்கிட்டே காரைக்குடியில பகுதிநேரமாச் சேரட்டுமா, இல்ல பேசாம சென்னையில ஐ.டி. வேலைக்குப் போய்ட்டு அப்புறமாப் பாத்துக்கிடட்டுமா?”

நான் பகுதிநேரமாகப் படித்து ஏழு வருடத்தில் பட்டம் வாங்கியவன். இப்போது கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். கீழக்கரை, தொண்டி, பாம்பன் என்று இந்தக் கரையிலிருந்து வரும் பிள்ளைகளில் வருடத்துக்கு நாலைந்து பேராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். அவளுக்குச் சொன்னதை அவர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால், எதை ஆராயப் போகிறோம் என்பது தெளிவாக வேண்டும். அதைப் பொறுத்துத்தான் எந்த வழி சரி என்று சொல்ல முடியும்.

விடியற்காலையில் கரைக்குப் போய் நின்றால் கண்ணெதிரே தெரியும். படகிலிருந்து இறால் கூடை இறங்கும். கம்பெனி ஆள் பாலித்தீன் பைக்குள்ளிருந்து சிட்டை நோட்டை எடுப்பார். கிலோவுக்கு எத்தனை இறால் என்று கவுண்ட் பார்த்து எழுதுவார். அன்றைய விலை அதற்குள் அவர் போனில் வாட்ஸப் குழுவுக்கு வந்திருக்கும். பக்கத்தில் ஐஸ் பெட்டியின் மூடியில் ஒரு க்யூஆர் அட்டை, உப்புத் தண்ணீர் பட்டு ஓரம் சுருண்டு கிடக்கும். சங்காயம் என்கிற கழிவு மீன் வாங்க வருகிறவர் அதில் ஸ்கேன் செய்து பணம் போடுவார். மாலைக்குள் சிட்டை நோட்டில் உள்ளதெல்லாம் எக்செலில் ஏறிவிடும். ஏற்றுகிறவள் என் அக்கா மகள்.

இதில் எது மாற்றம்? நோட்டில் இருந்ததை எக்செலில் ஏற்றினால் பதிவு மட்டும்தான் இடம் மாறியிருக்கிறது. ரொக்கம் போய் யூபிஐ வந்ததும், நேரில் கேட்ட விலை வாட்ஸப்பில் வருவதும் வேலை நடக்கும் விதத்தை மாற்றியிருக்கின்றன. யார் யாரிடம் விற்கலாம், விலையை யார் சொல்வது, மிச்சம் யார் கைக்குப் போகிறது என்பதெல்லாம் மாறும்போதுதான் வியாபாரமே மாறியது என்று சொல்லலாம். இந்த மூன்றையும்தான் டிஜிட்டைசேஷன், டிஜிட்டலைசேஷன், டிஜிட்டல் டிரான்ஸ்ஃபர்மேஷன் என்று துறையில் தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். 2019-இல் கிரகரி வியல் 282 ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை எழுதினார். இந்தத் துறைக்குள் வர நினைப்பவர்கள் அதை முதலில் படித்துவிடுவது நல்லது. படித்துவிட்டு மறுபடியும் ஐஸ் பெட்டி பக்கம் போய் நின்று பார்க்க வேண்டும்.

நின்று பார்த்தால் தெரியும், இங்கே மூன்றாவது மாற்றம் வரவில்லை. காரணம் முன்பணம். இன்ஜின் வேலைக்கு, வலைக்கு, வீட்டுக் கல்யாணத்துக்கு என்று கம்பெனியிடம் முன்பணம் வாங்கிய படகு, பிடித்து வரும் இறாலை அந்தக் கம்பெனிக்குத்தான் போட வேண்டும். வெளியில் கிலோவுக்கு நூறு ரூபாய் கூடுதலாகப் போகிறது என்று போனில் பார்த்தாலும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். இது அவளுக்குத் தெரியும், ஏனென்றால் அந்தக் கணக்கை எழுதுவதே அவள்தான். இப்படி ஒரு கேள்வியை ஏழு வருடம் தேடியும் கண்டுபிடிக்காத ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.

சரி, இப்போது வழிகளுக்கு வருவோம்.

முழுநேரம் என்றால் முதலில் பணம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) நெட் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் மதிப்பீடு முடிந்து 42,000. வீட்டு வாடகைப் படி தனி. மொத்தம் ஐந்து வருடம் வரை வரும். தேர்வு ஜூன், டிசம்பர் என்று வருடத்துக்கு இருமுறை. இரண்டு தாள், 150 கேள்வி, 300 மதிப்பெண், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. பொதுப் பிரிவுக்கு ஜேஆர்எஃப் வயது வரம்பு 30. பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு என்பதால் இவளுக்கு 35 வரை நேரம் இருக்கிறது. “வயசாகிட்டு இருக்கு” என்று மச்சான் வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பதற்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை என்று அவளிடம் சொன்னேன்.

2024 ஜூன் தேர்விலிருந்து நெட் முடிவுகளை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். ஜேஆர்எஃப் ஒன்று, உதவிப் பேராசிரியர் தகுதியும் பி.எச்டி. சேர்க்கையும் ஒன்று, பி.எச்டி. சேர்க்கைக்கு மட்டும் ஒன்று. பின்னிரண்டிலும் நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்முகத்துக்கு 30 சதவீதம் என்று கணக்கிடுகிறார்கள். சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் ஒரு வருடம்தான் செல்லும். ஐஐஎம்களும் ஐஐடிகளும் தங்கள் வழியிலும் எடுக்கின்றன, உதவித்தொகையும் தருகின்றன. நமக்கு அருகில் இருப்பது 2011-இல் தொடங்கிய திருச்சி ஐஐஎம். ராமேஸ்வரத்திலிருந்து மானாமதுரை, காரைக்குடி வழியாகத் திருச்சிக்கு ரயில் இருக்கிறது. பாம்பன் பழைய பாலம் நின்றபோது இரண்டு வருடத்துக்கு மேல் தீவுக்கு ரயிலே வரவில்லை. 2025 ஏப்ரல் 6-இல் புதிய பாலம் திறந்த பிறகு அந்தச் சிரமம் தீர்ந்தது. வெளியூர் போவது என்றதும் பயப்படும் பெற்றோருக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் முழுநேரத்தைப் பரிந்துரைக்க எனக்கு முதல் காரணம் உதவித்தொகை இல்லை. முறை கற்றுக்கொள்ள அங்கேதான் நேரம் கிடைக்கும். ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். 1997 முதல் 2001 வரை கேரளத்தின் வடக்குக் கடற்கரையில் செல்போன் கோபுரங்கள் ஒரேயடியாக வரவில்லை, பகுதி பகுதியாக வந்தன. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களில் 15 கரைச் சந்தைகளை எடுத்துக்கொண்டு, 300 மீன்பிடிப் படகுகளின் கணக்கை வாராவாரம் சேகரித்தார். கோபுரம் வந்த இடத்தையும் வராத இடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். போன் வந்த பிறகு சந்தைக்குச் சந்தை விலை வித்தியாசம் வெகுவாகச் சுருங்கியது. முன்பு 5 முதல் 8 சதவீத மீன் விற்காமல் வீணானது, அது அறவே நின்றது. மீனவர் லாபம் சராசரி 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவர் விலை 4 சதவீதம் குறைந்தது. 2007-இல் அச்சான அந்தக் கட்டுரையை இன்றைக்கும் உலகம் முழுக்க வகுப்பில் நடத்துகிறார்கள்.

மத்தி மீனும் கரையும் எல்லோர் கண்ணிலும் பட்டதுதான். கோபுரம் படிப்படியாக வந்ததை ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தலாம் என்று தெரிந்தது ஒருவருக்கு. அந்தக் கண் பயிற்சியால் வருவது. புள்ளியியல், பொருளியல் அளவை, கள ஆய்வு முறை என்று ஒரு வருடமாவது தினமும் உட்கார்ந்து படித்து, கருத்தரங்கில் எழுதியதை வைத்துத் திட்டு வாங்கி, திருத்தி எழுதினால்தான் வரும். பகுதிநேரத்தில் எனக்கு அது வாய்க்கவில்லை.

அதே கட்டுரையை வைத்தே அக்கா மகளிடம் கேட்டேன்: “மண்டபத்துல இது நடக்குமா?” யோசிக்காமல் சொன்னாள், “எப்படி மாமா நடக்கும்? அங்க விலை நல்லா இருக்கிற கரைக்குப் படகை விட்டுட்டாங்க. இங்க முன்பணம் வாங்கினவரு படகை எங்க கொண்டுபோவாரு?” அவள் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினால் ஆய்வுத் திட்டத்தின் முதல் பத்தி ஆகிவிடும். முன்பணம் வாங்கிய படகுக்கும் வாங்காத படகுக்கும் போனாலும் யூபிஐயாலும் கிடைத்த பலன் எவ்வளவு வேறுபடுகிறது? இதை அளக்க முறை தெரிய வேண்டும். கேட்க, கரை தெரிய வேண்டும்.

முழுநேரத்தின் குறையும் இதுதான். திருச்சியிலோ சென்னையிலோ ஐந்து வருடம் இருக்கும்போது கரை விலகிப் போகும். நூலகத்தில் கிடைக்கும் நிறுவனங்களின் ஆண்டறிக்கையை வைத்தே ஆய்வை முடித்துவிடலாம் என்று தோன்றும். சீக்கிரமும் முடியும். அந்தப் பக்கம் சாய்ந்துவிடாமல் இருக்க, கள வேலையை இங்குள்ள நாட்காட்டிக்கு ஏற்ப முன்பே திட்டமிட்டுவிட வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் கரையில் ஆட்கள் இருப்பார்கள், உட்கார்ந்து பேசவும் நேரம் இருக்கும், ஆனால் வியாபாரம் இருக்காது. மற்ற மாதங்களில் வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், வாரம் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்ற முறை ஓடுகிறது. விலையைப் பதிவு செய்யப் போகிறவர் இது தெரியாமல் வந்தால் பாதி நாள் வெறும் கரையைத்தான் பார்ப்பார்.

பகுதிநேரத்துக்கு வருகிறேன். ராமநாதபுரம் மாவட்டம் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருவதால் இங்குள்ளவர்களுக்கு இயல்பான வழி அதுவே. 2022 யுஜிசி விதிப்படி பகுதிநேர பி.எச்டி. செல்லும், தொலைநிலைக் கல்வியில் பி.எச்டி. கிடையாது. விளம்பரம் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6 வருடம், மறுபதிவில் இன்னும் 2 வருடம். பெண்களுக்கு அதற்கு மேலும் 2 வருடமும், மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் உண்டு. வேலை செய்யும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். படிக்க அனுமதி தருகிறோம், ஆய்வுக்கு நேரம் கிடைக்கும், தேவைப்பட்டால் பாடவேளைக்கு விடுவிப்போம் என்று அதில் எழுதித் தர வேண்டும். சம்பளம் நிற்காது, வீட்டிலேயே இருக்கலாம், கரை காலடியில் இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நான் அனுபவித்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமை காலை பஸ் ஏறினால் வழிகாட்டியைப் பார்த்துவிட்டு வீடு திரும்ப இருட்டிவிடும். ஞாயிறு துணி துவைக்கவும் மார்க்கெட் போகவும் சரியாக இருக்கும். திங்கள் மறுபடியும் வேலை. முதல் இரண்டு வருடத்தில் நான் எழுதியது முப்பது பக்கம்கூட இல்லை. நெருக்கடி வந்ததும், பணம் கட்டினால் பத்து நாளில் அச்சாகும் இதழ் ஒன்றில் கட்டுரை போட்டேன். இன்றும் என் தகுதிப் பட்டியலில் அந்த வரியைப் பார்த்தால் மனம் கசக்கிறது. இப்போது நிலைமை இன்னும் கவனம் கேட்கிறது. இதழ்களுக்கான யுஜிசி கேர் பட்டியலை 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டார்கள். எது நல்ல இதழ் என்று நாமும் நம் வழிகாட்டியும்தான் முடிவு செய்ய வேண்டும். மேலாண்மைக் கல்விநிலையங்கள் பெரும்பாலும் ஆஸ்திரேலிய வணிகப் புல முதல்வர்கள் மன்றத்தின் ஏபிடிசி பட்டியலின் தரவரிசையைப் பார்க்கின்றன. அதில் உள்ள இதழ்களைப் புரட்டிப் பார்க்காமல் எங்கும் கட்டுரை அனுப்பக் கூடாது.

பகுதிநேரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு, அக்கா மகளுக்கு அது நேரடியாகப் பொருந்தும். தடையில்லாச் சான்று தருகிற கம்பெனியையேதான் அவள் ஆராயப் போகிறாள். முன்பணக் கணக்கை வெளியில் எழுதுவதை எந்த முதலாளி விரும்புவார்? சான்று கையில் இருக்கும்வரை கேள்வியின் கூர்மையைக் குறைத்துக்கொண்டே போக வேண்டிவரும். கடைசியில் “ராமநாதபுரம் மாவட்டத்தைச் சிறப்பாகக் கருத்தில் கொண்டு யூபிஐ பற்றிய விழிப்புணர்வு” என்று ஒரு தலைப்பில் போய் நிற்கும். 1989-இல் ஃபிரெட் டேவிஸ் வகுத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரியின் கேள்வித்தாளை எடுத்துத் தமிழ்ப்படுத்தி, ஐந்து கட்டம் போட்டு, நூற்றுக்கணக்கானோரிடம் டிக் வாங்கி முடித்துவிடுவார்கள். அப்படி ஒரு கேள்வித்தாளோடு நான் கடற்பாசி எடுக்கும் பெண்களிடம் போயிருக்கிறேன். கையுறைக்குப் பதிலாகத் துணி சுற்றியிருந்த விரலால் அந்தக் கட்டங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓர் அம்மா கேட்டார்: “ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. இதுல எதுக்குத் தம்பி அஞ்சு?” அன்று அவர் பாசியை யாரிடம், எந்த விலைக்குப் போட்டார், பணம் யார் போனுக்கு வந்தது என்று கேட்டிருந்தால் எனக்கு ஒரு நல்ல அத்தியாயம் கிடைத்திருக்கும். நான் கேட்கவில்லை.

ஆனாலும் பகுதிநேரம் யாருக்கு ஒத்துவரும் என்றால், ஏற்கெனவே கல்லூரியில் நிரந்தரமாக இருப்பவர்களுக்கும், வங்கி அல்லது அரசுத் துறையில் இருந்துகொண்டு தன் வேலைக்குச் சம்பந்தமில்லாத களத்தை எடுப்பவர்களுக்கும் ஒத்துவரும். குடும்பத்தை விட்டு நகர முடியாதவர்களுக்கு வேறு வழியும் இல்லை. அவர்கள் வாரத்தில் ஒரு முழு நாளை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தால் முடித்துவிடலாம்.

வேலைக்குப் போய் அப்புறம் பார்க்கலாம் என்பது மூன்றாவது வழி. சென்னையில் ஆலோசனை நிறுவனத்திலோ ஐ.டி.யிலோ மூன்று வருடம் இருந்தால், ஒரு நிறுவனம் மென்பொருளை வாங்கிவிட்டு ஏன் பயன்படுத்தாமல் வைத்திருக்கிறது என்பதை உள்ளிருந்து பார்க்கலாம். டேட்டாவைக் கையாளும் பழக்கம் வரும், கையில் காசும் சேரும். பி.எச்டி. நேர்முகத்தில் இந்த அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. சிரமம் என்னவென்றால், நல்ல சம்பளத்துக்குப் பழகிய பிறகு 37,000-க்கு இறங்கி வருவது. வீட்டுக்கடன் எடுத்துவிட்டால் அந்தப் பேச்சே எழாது. போனவர்களில் திரும்பி வந்தவர்கள் என் மாணவர்களில் ஒரே ஒருவர்.

வெளிநாடு பற்றியும் கேட்டாள். நெதர்லாந்து, ஸ்வீடன் போன்ற நாடுகளில் முனைவர் பட்ட ஆய்வாளரைப் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியராகவே வைத்துக்கொள்கிறார்கள். நிதியுதவியோடு இடம் கிடைத்தால் தாராளமாகப் போகலாம். கடன் வாங்கிப் போகக் கூடாது.

ஒரு விஷயத்தை எல்லோரும் தப்பாகவே புரிந்து வைத்திருக்கிறார்கள். உதவிப் பேராசிரியர் வேலைக்கு பி.எச்டி. கட்டாயம் என்று நினைத்து அவசரப்படுகிறார்கள். 2023 ஜூலை 1 முதல் நெட் அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியே நேரடி நியமனத்துக்குக் குறைந்தபட்சத் தகுதி, பி.எச்டி. கட்டாயமில்லை. யுஜிசி ஊதியத்தில் அந்த வேலை 57,700 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் தொடங்குகிறது. சுயநிதிக் கல்லூரிகளில் இதைவிட வெகு குறைவு. ஆகவே வேலைக்காக மட்டும் என்றால் நெட் எழுதினால் போதும். ஐந்து வருடம் ஒரு கேள்வியோடு இருக்க மனம் இருந்தால் மட்டும் பி.எச்டி.க்கு வர வேண்டும். இவளுக்கு அந்த மனம் இருக்கிறது என்பது முன்பணத்தைப் பற்றி அவள் பேசியபோதே தெரிந்தது.

எந்த வழியில் போனாலும் நிறுவனத்தின் பெயரைவிட வழிகாட்டியை முதலில் பாருங்கள். விதிப்படி பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் வைத்துக்கொள்ளலாம். அவரிடம் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள், கடைசியாக முடித்தவருக்கு எத்தனை வருடம் ஆனது, கள வேலைக்கு மாதக் கணக்கில் ஊருக்கு அனுப்புவாரா என்று கேளுங்கள். அவரிடம் கேட்கத் தயங்கினால் அவரிடம் படிப்பவர்களிடம் கேளுங்கள். தேநீர்க் கடையில் பத்து நிமிடத்தில் எல்லாம் சொல்லிவிடுவார்கள்.

இந்தக் கரையிலேயே கிடைக்கும் ஆதாரங்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் 1949 முதல் 1971 வரை மண்டபத்தில்தான் இருந்தது, இப்போதும் இங்கே அதன் மையம் இயங்குகிறது. கரைக்கு வரும் மீனை மாதிரிக் கணக்கெடுப்பால் அளக்கும் மரபு அவர்களுடையது. 2018 முதல் நம் மாவட்டம் முன்னேறத் துடிக்கும் மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதால், பல குறியீடுகள் மாதாமாதம் பொதுவில் கிடைக்கின்றன. 2024 செப்டம்பரில் மத்திய அரசு தேசிய மீன்வள டிஜிட்டல் தளத்தைத் தொடங்கி, மீனவர்களையும் மீன் தொழில் செய்பவர்களையும் பதிவு செய்து வருகிறது. ஜென்சனுக்கு செல்போன் கோபுரம் கிடைத்த மாதிரி, இவளுக்கு இந்தத் தளம் பயன்படலாம். பதிந்தவர், பதியாதவர் என்று ஒப்பிட இதுதான் சரியான நேரம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். இங்கே ஜிபிஎஸ் பற்றி வெளியாள் யாராவது கேட்டால் கரை அப்படியே வாயை மூடிக்கொள்ளும். மீன் கிடைக்கும் இடம் படகுக்காரரின் ரகசியம், அதோடு எல்லைப் பிரச்சினை வேறு. யூபிஐ கணக்கைக் காட்டச் சொல்வதும் லேசான காரியம் இல்லை. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வராவிட்டாலும் அனுமதி கேட்டு, பெயரை மறைத்துத்தான் எழுத வேண்டும். நம் ஊர்ப் பிள்ளை என்பதால் கதவு திறக்கும். அந்த நம்பிக்கையை ஒருமுறை கெடுத்தால் அடுத்து வரும் பிள்ளைக்கும் சேர்த்து மூடிக்கொள்ளும்.

எல்லாம் பேசியபின் நாங்கள் எடுத்த முடிவு இது. முழுநேரம். அடுத்தடுத்து மூன்று நெட் எழுதுவது, ஜேஆர்எஃப் அல்லது நிறுவன உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் மட்டும் வேலையை விடுவது. மூன்றிலும் கிடைக்காவிட்டால் சென்னை வேலை, 35-க்குள் மறுபடி முயற்சி. இப்போதைய கம்பெனியின் சான்றோடு பகுதிநேரம் வேண்டவே வேண்டாம். அக்கா கொஞ்சம் அழுதாள். மச்சான்தான், “போகட்டும், ரயில்தான் இருக்கே” என்று முடித்து வைத்தார்.

காத்திருக்கும் மாதங்களை வீணாக்க வேண்டாம் என்று 200 பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கம்பெனிக் கணக்கைத் தொடக் கூடாது, ஞாயிற்றுக்கிழமைகளில் கரையில் சொல்ல விரும்புகிறவர்கள் வாயால் சொல்வதை மட்டும் எழுத வேண்டும் என்பது பேச்சு. முதல் பக்கத்தில் தேதி, கரை, கவுண்ட், கம்பெனி விலை, வெளி விலை என்று ஐந்து கட்டம் போட்டிருந்தாள். நேற்றுப் பார்த்தபோது ஸ்கேல் வைத்து ஆறாவதாக ஒரு கட்டம் இழுத்திருந்தாள். அதன் தலையில் “முன்பணம் உண்டா?” என்று எழுதியிருந்தது.